பதினாறாவது கை

ஒன்றியக் கூட்ட அரங்கில் கலியனுடைய நாற்காலி கடைசி வரிசையில், ஜன்னலை ஒட்டி, மின்விசிறிக் காற்று எட்டாத மூலையில் இருந்தது. அந்த இடத்தை யாரும் அவருக்கு ஒதுக்கவில்லை. 2011 உள்ளாட்சித் தேர்தலில் ஜெயித்து முதல் கூட்டத்துக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது, முன்வரிசைகளில் துண்டும் கைப்பையும் போட்டு ஏற்கெனவே இடம் பிடித்திருந்தார்கள். காலியாக இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தார். அடுத்த கூட்டத்திலும் அதே இடம். அப்புறம் அது கலியன் நாற்காலி ஆகிவிட்டது.

அந்த ஒன்றியத்தில் தீர்மானங்கள் நிறைவேறும் விதம் எளிமையானது. தலைவர் வெள்ளைச்சாமி நம்பரைச் சொல்லுவார். எழுத்தர் தலைப்பை வாசிப்பார். வாசித்து முடிப்பதற்குள் முன்வரிசையில் மேசை தட்டும் சத்தம் கிளம்பும். அது அலைபோலப் பின்னுக்கு வரும். கடைசியாகத் தட்டுவது கலியன். டீயும் போண்டாவும் வந்துவிட்டால் இன்னும் வேகம். எதிர்த்துப் பேசினார், வெளிநடப்புச் செய்தார், நடுநிலை வகித்தார் என்று அவரைப் பற்றி யாரும் சொல்ல முடியாது. மூன்று வருஷமாக எல்லாத் தீர்மானத்துக்கும் அவர் மேசையைத் தட்டியிருக்கிறார். பேசியதில்லை.

வார்டில் அப்படி இல்லை. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் கிடக்கும் கரியை வழித்துப் போடுகிற காண்ட்ராக்ட் வேலை அவருக்கு. நைட் ஷிப்ட் முடிந்து, காது மடலில் கரித்தூளோடு வீடு வந்து சேரும்போதே வாசலில் நாலு பேர் நிற்பார்கள். தெருவிளக்கு எரியவில்லை. தண்ணீர் டேங்க் மோட்டார் புகைகிறது. முதியோர் பென்ஷன் மூன்று மாதமாக வரவில்லை. குளித்து, ஒரு சொம்பு நீராகாரம் குடித்துவிட்டு அவர்களோடு கிளம்பிப் போவார். தெருவிளக்குக்கு அவரே கம்பத்தில் ஏறி பல்பு மாற்றியிருக்கிறார். சுரங்க நிறுவனத்தின் டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் எந்த வார்டு எந்தப் பக்கம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. "நம்ம கவுன்சிலரு நம்ம வூட்டுப் புள்ள மாதிரி" என்று புதுக்காலனியில் சொல்லுவார்கள். ஒரே ஒரு காரியத்தைத் தவிர வேறெதிலும் அவரிடம் யாருக்கும் குறை கிடையாது.

அந்த ஒரு காரியம் பாதை.

பழைய ஊர் சுரங்கத்துக்குள் போன பிறகு எழுந்தது புதுக்காலனி. மனை அளந்து கொடுத்தவர்கள் சுடுகாட்டுக்கும் ஓர் இடம் அளந்து கொடுத்தார்கள். அங்கே போவதற்கு வழி அளக்க மறந்துவிட்டார்கள். காலனிக்கும் சுடுகாட்டுக்கும் நடுவே ஜெயராமன் என்பவருடைய நெல் வயல். கோடையில் செத்தவர்களுக்குப் பிரச்சினை இல்லை. அறுத்துப் போட்ட வயலில் தூக்கிக்கொண்டு போகலாம். மழைக்காலத்தில் செத்தால் கைப்பிடி அகல வரப்புதான். அதுவும் ஜெயராமனின் மனசைப் பொறுத்தது. ஊர்த்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போகலாம் என்றால் அங்கே இருப்பவர்கள் விடமாட்டார்கள்.

கலியனின் அக்கா வீராயி புருஷனை அப்படி ஓர் ஐப்பசி மாதத்தில்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். வரப்பு வழுக்கி, பாடை ஒரு பக்கமாகச் சாய்ந்து, அவர் கால் இரண்டும் சேற்றில் இறங்கிவிட்டன. காலனி ஓரத்தில் நின்று வீராயி அதைப் பார்த்தார். அதற்கடுத்த வருஷம் தேர்தல் வந்தது. வார்டு தனி வார்டாக ஒதுக்கப்பட்டது. தம்பியைத் தள்ளித் தள்ளி நிற்க வைத்தவர் அவர்தான். வீடு வீடாகப் போய், "எந்தம்பிக்குப் பேச வராது, ஆனா சொன்னா செய்வான்" என்று ஓட்டுக் கேட்டார். ஜெயித்து வந்த அன்று ஆரத்தி எடுத்துவிட்டுச் சொன்னார்:

"எனக்கு ஓ.ஏ.பி. பென்ஷன் வேணாம், தொகுப்பு வூடு வேணாம். அந்தப் பாதைய மட்டும் போட்டுக் குட்றா தம்பி. நான் போவும்போது காலு நனையாம போவணும்."

"இப்பவே ஏங்க்கா அந்தப் பேச்சு?"

"பின்ன எப்ப? போனப்புறம் வந்தா கேக்க முடியும்?"

கலியன் வெள்ளைச்சாமியிடம் கேட்டார். ஜெயராமன் வெள்ளைச்சாமிக்குச் சகலை என்பது தெரிந்தேதான் கேட்டார். "வரும் கலியா, எல்லாம் வரிசையில வரும்" என்றார் வெள்ளைச்சாமி. அடுத்த வருஷமும் அதையே சொன்னார். கலியனுக்குத் தந்த வேலை ஒரு நிழற்குடை. பஸ் வராத ரோட்டில் அதைக் கட்டினார்கள். அதற்கான தீர்மானத்துக்கும் கலியன் மேசையைத் தட்டினார்.

2014 மழைக்காலத்தில் துணைத் தலைவர் ராஜாங்கம், பெட்ரோல் பங்க் வைத்திருப்பவர், தலைவர் மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். ஐந்தில் நான்கு பங்கு ஓட்டு வேண்டும். இருபது பேர் கொண்ட ஒன்றியத்தில் பதினாறு. ராஜாங்கத்தையும் சேர்த்துப் பதினைந்து பேர் தேறியிருந்தார்கள். கலியனைத் தேடி அவரே காலனிக்கு வந்தார்.

"உனக்கு என்னா வேணும், சொல்லு."

"பாதைங்க."

"அவ்ளோதானா? நான் உக்காந்த மொத கூட்டத்துல மொத தீர்மானம் அதான். ஜெயராமன்கிட்ட நான் பேசிக்கிறன். எம் பொண்ணு மேல சத்தியம்."

அந்தச் சத்தியம் பொய்யில்லை. அதைக் கலியனால் அவர் முகத்திலேயே பார்க்க முடிந்தது. அன்றைக்கு வீராயி டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் இருந்தார். இருதயம் வீங்கியிருக்கிறது, கொஞ்ச நாள் வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். கலியன் போய் விஷயத்தைச் சொன்னார். மூச்சிரைப்போடு வீராயி சிரித்தார். "போ. போயி கைய தூக்கிட்டு வா" என்றார்.

திங்கட்கிழமை ராஜாங்கம் தரப்பு உறுப்பினர்களை இரண்டு வேன்களில் ஏற்காட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஓட்டெடுப்பு வியாழக்கிழமை. அதுவரைக்கும் யாரும் எதிர்த்தரப்பின் கையில் சிக்கிவிடக்கூடாது. இந்தப் பக்கத்தில் இது வழக்கம்தான். போன முறை குற்றாலம், அதற்கு முந்தி பாண்டி. பெண் உறுப்பினர்களுக்கும் அவர்களின் புருஷன்மார்களுக்கும் ஒரு பங்களா, ஆண்களுக்கு ஒன்று. வாசலிலேயே ராஜாங்கத்தின் அக்கா மகன் இளம்பரிதி ஒரு துணிப்பையை விரித்துப் பிடித்து எல்லார் செல்போனையும் வாங்கிக்கொண்டான். சாயங்காலம் ஆளுக்கு ஒரு தடவை வீட்டுக்குப் பேசலாம். ஸ்பீக்கரில் போட்டு, அவன் முன்னால்.

கலியனோடு அறையில் இருந்தவர் அப்துல் கபார். காடாம்புலியூர் பக்கம் முந்திரி வியாபாரம். கம்பளிக் குல்லாவை இழுத்துக் காதுவரைக்கும் மூடிக்கொண்டு கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார்.

"வேளா வேளைக்குப் பிரியாணி, வெந்நீர், வெளிய போவாத காவலு. எங்க மாமியா வூட்டுலகூட இப்டி வெச்சதில்ல கலியா."

"குளுரு தாங்கலியே பாய்."

"நம்மூரு வெயில ரெண்டு கிலோ பொட்டலம் கட்டி எடுத்தாந்திருக்கணும். இங்க நல்ல வெலைக்குப் போவும்."

கலியன் சிரித்தார். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி. எதிரே கேட் இருப்பதுகூடத் தெரியவில்லை. இரைச்சலே இல்லாத இடத்தில் அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மண் வெட்டும் இயந்திரத்தின் ஓசை இல்லாமல் அவர் ஒருநாளும் தூங்கியதில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர் முறை வந்தது. இளம்பரிதி ஸ்பீக்கரை அழுத்தினான். மனைவி அஞ்சலை எடுத்த எடுப்பிலேயே அழுதாள்.

"அக்கா போயிடுச்சிங்க. மூணு மணிக்கே. உங்களுக்கு எத்தினி தடவ போடறது? போனு அணைச்சி வெச்சிருக்கு."

இளம்பரிதி தலை குனிந்துகொண்டான். அஞ்சலையிடமிருந்து போனைப் பிடுங்கி வீராயியின் மகன் சிலம்பரசன் பேசினான். அவனும் அதே சுரங்கத்தில் காண்ட்ராக்ட்டில் இருப்பவன், கல்யாண வயசு.

"மாமா, அம்மாவ வூட்டுக்கு எடுத்தாந்துட்டம். வயல்ல நடவு நட்டு முழங்காலுக்குத் தண்ணி நிக்கிது. வரப்புல கால வெச்சா கேஸு போடுவன்னு ஜெயராமன் ஆளு சொல்லி அனுப்பியிருக்கான். ஊர்த்தெருவுல கேட்டா கூட்டமா வந்து நிக்கிறாங்க. நீ கவுன்சிலரு, நீ வந்து நின்னா போலீஸாவது வரும். அதும் இல்லாம கோடி நீதான போடணும்?"

செத்துப்போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் புடவையைக் கூடப்பிறந்தவன் கொண்டுவந்து போர்த்த வேண்டும். கோடி விழாமல் பாடை எழும்பாது. வீராயிக்குக் கூடப்பிறந்தவன் கலியன் ஒருவர்தான்.

"வரன்டா" என்றார் கலியன். போன் அணைந்தது.

ராஜாங்கம் கீழே ஹாலில் இருந்தார். செய்தியைக் கேட்டதும் எழுந்து வந்து கலியனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"காலையில போயிட்டு, அடக்கம் முடிஞ்சதும் திரும்பிடறங்க" என்றார் கலியன்.

"நீ திரும்புவ. அவன் வுடணுமே? நீ ஊருக்குள்ள கால வெச்ச அடுத்த நிமிசம் வெள்ளைச்சாமிக்குச் சேதி போயிடும். பாதைத் தகராறுன்னு ஒரு புகார் குடுத்து உள்ள தூக்கி வெச்சான்னா? ஒரு நாள் போதுமே அவனுக்கு."

"உங்க ஆளுங்களோட அனுப்புங்க."

"அனுப்புனா இன்னும் மோசம். வண்டிய மறிச்சி, அடிதடியாக்கி, எல்லாரையும் சேத்து ஸ்டேஷன்ல உக்கார வெப்பான். நம்மகிட்ட சரியா பதினாறு பேருய்யா. ஒண்ணு கொறைஞ்சா வெள்ளைச்சாமிதான் தலைவரு. அப்புறம் உன் பாதை?" குரலைத் தாழ்த்திச் சொன்னார். "உங்க அக்கா எதுக்கு உன்ன அனுப்பிச்சிது, யோசிச்சிப் பாரு. கோடிய நான் அனுப்பறன். பட்டுப் பொடவையாவே அனுப்பறன்."

ராஜாங்கம் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது என்று கலியன் தேடித் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. சிலம்பரசன் சொன்னதிலும் தப்பு கிடைக்கவில்லை.

விடியும்போது கபார் அவரை உலுக்கினார்.

"சமையக்காரன்கிட்ட பேசி வெச்சிருக்கன். பால் வண்டி வந்து நிக்கிது. சேலத்துல எறக்கி வுட்டுடுவான். மத்தியானம் வூட்டுல இருப்ப. கெளம்பு."

"தீர்மானம் தோத்துடுமே பாய். உங்க எல்லார் பாடும் வீணாப் போவும்."

"போனா போவுது. எனக்கென்னா, ராஜாங்கம் வந்தா ஒரு சந்தைக்கடை, வெள்ளைச்சாமி வந்தா கடை இல்ல. முந்திரி அப்பவும் விக்கும். ஒரு அக்காதான்யா உனக்கு."

கலியன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பின்பக்கமாக இறங்கினார். கேட் திறந்திருந்தது. காவலுக்கு இருந்தவன் டீ குடிக்கப் போயிருந்தான். பால் கேன்களை ஏற்றிவிட்டு டிரைவர் இன்ஜினை ஓடவிட்டிருந்தான். ஏறிக் குந்தினால் முடிந்தது.

கதவுக் கம்பியில் கையை வைத்தார். கம்பி சில்லென்றிருந்தது. போய் இறங்கினால் என்ன நடக்கும் என்று பார்த்தார். கோடி போடுவார். அதே வயலில், அதே தண்ணீரில் அக்காவைத் தூக்கிக்கொண்டு போவார்கள். கவுன்சிலர் நின்றாலும் போலீஸ் வந்தாலும் தண்ணீர் வடியப் போவதில்லை. அடுத்த மழைக்கு இன்னொருத்தர். அதற்கடுத்த மழைக்கு இன்னொருத்தர். இவர் அதே கடைசி நாற்காலியில் உட்கார்ந்து நிழற்குடைக்கு மேசை தட்டிக்கொண்டிருப்பார். போகாமல் இருந்தால் எல்லாருக்கும் வழி கிடைக்கும், அக்காவுக்கு மட்டும் கிடையாது.

"ஏறுறீங்களா, இல்லியா?" என்றான் டிரைவர்.

"நீங்க போங்க" என்றார் கலியன்.

வண்டி போன பிறகும் கேட் திறந்தேதான் இருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வரும் வழியில் பல்குச்சியோடு இளம்பரிதி எதிர்ப்பட்டான். "வாக்கிங்காண்ணே?" என்று கேட்டான். கலியன் ஆமாம் என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

அறையில் கபார் தொழுகையை முடித்து விரிப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் கை நின்றது.

"போவல?"

"போவல பாய்."

கபார் பிளாஸ்க்கிலிருந்து டீயை ஊற்றி நீட்டினார். அன்று முழுவதும் அவர் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. சாயங்காலம் பேசும் முறை வந்தபோது கலியன் எழுந்திருக்கவில்லை. இளம்பரிதி இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்த ஆளை அழைத்தான்.

வியாழக்கிழமை வேன் விருத்தாசலம் வழியாக வந்தது. டவுன்ஷிப்பின் ஆர்ச் கேட்டைத் தாண்டும்போது எல்லோரும் புதுக்காலனி இருந்த வலப்பக்கம் பார்த்தார்கள்; கலியன் தன் கால்விரல்களைப் பார்த்தார். நேராக ஒன்றிய அலுவலகம். வாசலில் இரண்டு ஜீப் போலீஸ். ஆர்.டி.ஓ. தலைமையில் கூட்டம்.

தாழ்வாரத்தில் நின்றிருந்த வெள்ளைச்சாமி, கலியன் தன்னைக் கடக்கும்போது கோபமில்லாமல்தான் பேசினார்.

"உங்க அக்கா அடக்கத்துக்குக்கூட அனுப்பலியாமே கலியா. மூணு வருசத்துல ஒரு நாளு உன்ன நான் அடைச்சி வெச்சிருக்கனா?"

பக்கத்தில் நின்ற ஜெயராமன் வேறெங்கோ பார்த்தார். அவர் வயல்தான் அவர்களுக்கு நடுவே கிடந்தது. கலியனுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. உள்ளே நடந்து, பழக்க தோஷத்தில் கடைசி வரிசைக்கே போய் உட்கார்ந்தார்.

தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் ஆர்.டி.ஓ. மேசை தட்டுவது அன்று செல்லாது. முன்வரிசையில் கைகள் எழுந்தன. நடுவரிசையில் எழுந்தன. கபார் தூக்கினார். ராஜாங்கம் தூக்கிய கையை இறக்காமலே கழுத்தைத் திருப்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார். எழுத்தர் பதினைந்து வரை எண்ணிவிட்டு, பேனாவைப் பிடித்தபடி நின்றார். அரங்கு முழுக்கத் திரும்பியது. அத்தனை பேர் தன்னைப் பார்த்து அவர் அறிந்ததில்லை. கலியன் கையைத் தூக்கினார்.

வெளியே வெடி வெடித்தார்கள். பதினாறு பேருக்கும் ராஜாங்கத்தின் ஆட்கள் சால்வை போர்த்தினார்கள். கலியன் சால்வையோடுதான் ஷேர் ஆட்டோ ஏறினார். பாதி வழியில்தான் அது தோளில் கிடப்பது தெரிந்தது. சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

நடந்ததை அஞ்சலைதான் சொன்னாள். அடுப்படியில் உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். புதன்கிழமை காலையில் ராஜாங்கத்தின் ஆள் ரோஜா மாலையும் அரக்குப் பட்டுப் புடவையும் கொண்டுவந்திருக்கிறான். சிலம்பரசன் வாசலிலேயே மறித்துவிட்டான். "பொறந்த வூட்டுக் கோடின்னா பொறந்தவன் எடுத்துகினு வரணும். பெட்ரோல் பங்க் எப்பய்யா எங்கம்மாவுக்குப் பொறந்த வூடாச்சி?" என்று கேட்டிருக்கிறான். வந்தவன் மாலையை மட்டும் திண்ணையில் வைத்துவிட்டுப் புடவையோடு திரும்பிப் போனான். மத்தியானம் தாண்டியும் காத்திருந்தார்கள். மாமன் வரும், பஸ் கிடைத்திருக்காது என்று சிலம்பரசனே எல்லாரையும் நிறுத்தி வைத்தானாம். இதற்குமேல் வைத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் சொன்ன பிறகு, அஞ்சலை மெயின் பஜாரில் போய் ஒரு நூல் புடவை வாங்கி வந்து தானே போர்த்தினாள். பெண்கள் முணுமுணுத்தார்கள். அப்புறம் வயலில் இறங்கினார்கள்.

"ஜெயராமன் ஆளுங்க வந்தானுங்களா?"

"வந்தானுங்க. எவனும் தடுக்கல. கரையில நின்னு போன்ல படம் புடிச்சிகினு இருந்தானுங்க."

"பாடை சாஞ்சிதா?"

அஞ்சலை அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டாள். "ராத்திரி பேஞ்ச மழையில இடுப்பளவு தண்ணி" என்றாள். "தலைக்கு மேல தூக்கிகினு போனாங்க. சாயல."

அது உண்மையா, தனக்காகச் சொன்னதா என்று கலியன் கேட்கவில்லை. வேறு யாரிடமும் விசாரிக்கவுமில்லை.

ராஜாங்கம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அவர் தலைவராக உட்கார்ந்த முதல் கூட்டத்தில் முதல் தீர்மானம் புதுக்காலனி மயானப் பாதை. எழுத்தர் வாசித்து முடித்ததும், "இது நம்ம கலியன் கேட்ட பாதை. அவரு ரெண்டு வார்த்த பேசுவாரு" என்றார் ராஜாங்கம். கலியன் எழுந்தார். மைக்கை ஒருவர் மாற்றி ஒருவராகப் பின்வரிசைக்கு அனுப்பினார்கள். அதை வாங்கி வாயருகே வைத்தார். அவர் மூச்சு அரங்கம் முழுக்கக் கேட்டது.

"ஒண்ணுமில்லீங்க" என்று உட்கார்ந்துவிட்டார்.

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். தட்டாமல் இருந்த ஒரே உறுப்பினர் அவர். யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஏகமனதாக நிறைவேறியது என்றுதான் பதிவானது.

கோடையில் பாதைக்கு அளந்து கல் ஊன்றினார்கள். ராஜாங்கம் பேசியதில், ஜெயராமன் வயலில் ஒரு துண்டை விட்டுக்கொடுத்து அதற்குப் பதிலாக வேறிடத்தில் நிலம் வாங்கிக்கொண்டார். செம்மண் கொட்டி, ஜல்லி பரப்பி, இரண்டு பாடை பக்கம் பக்கமாகப் போகுமளவுக்கு அகலமான பாதை வந்தது. கலியன் ஷிப்ட் முடிந்து தினமும் போய் நின்றார். எங்கே பள்ளம், எங்கே குழாய் பதிக்க வேண்டும் என்று காண்ட்ராக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சிலம்பரசன் அந்தப் பக்கம் வரவே இல்லை. வீராயியின் கருமாதியன்று கலியன் கொண்டுபோன சீரை வாங்கி வைத்துக்கொண்டான், சாப்பிடச் சொன்னான், முறையில் குறை வைக்கவில்லை. மாமா என்று மட்டும் கூப்பிடவில்லை.

அந்த வருஷம் மழை ஊரையே அடித்துக்கொண்டு போனது. கார்த்திகையில் காலனியின் கடைசி வீட்டுத் தங்கராசு, ரொம்ப நாளாகப் படுத்திருந்தவர், இறந்துபோனார். இரண்டு பக்கமும் வயல் கடலாக நின்றது. நடுவில் பாதை மட்டும் மேடாக, சிவப்பாகத் தெரிந்தது. பறையடித்துக்கொண்டு கொட்டும் மழையில் தூக்கிப் போனார்கள். யார் காலும் நனையவில்லை என்று சொல்ல முடியாது; ஆனால் யாரும் வழுக்கவில்லை. வழியில் பெண்கள் கலியனைப் பார்த்துக் கும்பிட்டார்கள். "உங்கக்கா வயித்துல பொறந்த புண்ணியம்யா இது" என்று ஒருத்தி தப்புத் தப்பாகச் சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கலியன் பாதை தொடங்கும் இடத்தில் ஒதுங்கி நின்றார். பாடை அவரைக் கடந்தது. முன்பக்கம் இடது தோள் கொடுத்திருந்தவன் சிலம்பரசன். மழைநீர் வழியும் முகத்தை அவர் பக்கம் திருப்பினான்.

"வழி நல்லா இருக்கு மாமா."

நிற்காமல் போய்விட்டான். குத்திக் காட்டினானா, சமாதானம் சொன்னானா, இருந்ததைச் சொன்னானா என்று கலியனுக்குத் தெரியவில்லை. பின்னாலேயே ஓடிப்போய்க் கேட்கிற கேள்வியும் இல்லை அது. பறைச் சத்தம் தூரமாகப் போகும்வரை அங்கேயே நின்றார். எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், தண்ணீர் டேங்க் மோட்டார் மறுபடி ஓடவில்லை என்றார்.

"வரன், போங்க" என்றார் கலியன்.